துப்பி-குவரானி மொழிக்குடும்பம்: மூலமொழியை மீட்டெடுத்துக் கிளைகளைப் பிரிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறாம் நூற்றாண்டில் பிரேசில் கடற்கரையில் பேசப்பட்ட துப்பினம்பா மொழியில் 'அவனுடைய கண்' என்பதை ஸெஸா என்றார்கள். பராகுவே நாட்டுக் குவரானியில் அது ஹெஸா. ம்பியா குவரானியில் ஹெச்சா. கிழக்கு அமேசான் பகுதித் தெம்பே மொழியில் ஹெஹா. நான்கும் உறவுச் சொற்கள் என்பதை யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் இவற்றில் எது எதற்கு நெருக்கம், இவற்றின் மூதாதை வடிவம் எது என்ற இரு கேள்விகளுக்கும் கண்பார்வையால் விடை கிடைக்காது. அந்த விடையைப் படிப்படியாகத் தேடுவதற்கான முறையே இந்த வழிகாட்டி. இதில் நான் வலியுறுத்த விரும்பும் வரிசை ஒன்று உண்டு: முதலில் மூலமொழியை, அதாவது இவை எல்லாம் பிரிந்து வந்த பொது மூதாதை மொழியை, மீட்டுருவாக்க வேண்டும், அதன் பிறகே கிளைகளைப் பிரிக்க வேண்டும். தென்னமெரிக்க மொழிகளைப் பற்றிய பழைய வகைப்பாடுகள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் தடுமாறின.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. இங்கே ஸ, ஹ இரண்டும் அவற்றின் வழக்கமான ஒலியையே குறிக்கும். 'ச்ச' என்பது 'அச்சு' என்ற சொல்லில் வரும் வல்லொலி. ஒற்றைக் 'க' மெலிந்த ஒலி, 'க்க' வல்லொலி. இரு உயிர்களுக்கு இடையே வரும் மேற்கோள் குறி, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியைக் காட்டும். இம்மொழிகளில் நம் குற்றியலுகரத்தை ஒத்த ஓர் உயிர் மிகுதியாக வரும். அதை 'உ' என்றே எழுதியிருக்கிறேன். உடுக்குறி (*) இட்ட வடிவங்கள் எந்த ஏட்டிலும் இல்லாதவை, கணித்துப் பெற்றவை.

முதற்படி: எல்லையை வரைதல்

துப்பி-குவரானி என்பது தன்னளவில் ஒரு பெரிய குடும்பம். மறைந்துபோனவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 40 மொழிகள் இதில் அடங்கும். பிரேசில், பராகுவே, அர்ஜெந்தினா, பொலிவியா, பெரு, பிரெஞ்சு கயானா ஆகிய இடங்களில் இவை பரவியுள்ளன. பராகுவேயின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு குவரானியை ஸ்பானியத்துடன் ஆட்சிமொழியாக ஏற்றது. இந்தக் குடும்பமும் துப்பி என்ற இன்னும் பெரிய தொகுதியின் பத்துக் கிளைகளில் ஒன்றுதான். மற்றவை அவெத்தி, மவே, முந்துருக்கு, ஜுருனா, அரிக்கேம், துப்பாரி, மொந்தே, ரமராமா, புருபொரா. தொடக்க வேலைக்கு உள்வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. வெளிவட்ட மொழிகளைப் பிறகு சாட்சிக்கு அழைக்கலாம். தொடக்கத்திலேயே அழைத்தால் குழப்பமே மிஞ்சும்.

இரண்டாம் படி: தரவுகளைச் சேர்த்தல்

தென்னமெரிக்க மொழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய எழுத்துச் சான்று கிடையாது. துப்பி-குவரானி இதற்கு ஓர் அரிய விலக்கு. இயேசு சபைத் துறவி ஜொசே த அன்ஷியேத்தா கடற்கரைத் துப்பி மொழிக்கு எழுதிய இலக்கணம் 1595இல் கோயிம்பிராவில் அச்சானது. அந்தோனியோ ருயிஸ் த மொந்தோயாவின் குவரானி அகராதி 1639இல் மத்ரீதில் வெளிவந்தது. நானூறு ஆண்டுப் பழமையுள்ள இச்சான்றுகளை இன்றைய களப்பதிவுகளுடன் சேர்த்து வைக்க முடிவதுதான் இக்குடும்பத்தின் வாய்ப்பு.

ஆனால் பழைய ஏடு என்பதற்காக அதை மூலமொழிக்கு அருகில் உட்கார வைத்துவிடக் கூடாது. துப்பினம்பா முன்பே பதிவானது என்பது உண்மை. அதனால் அது எல்லாவற்றையும் காத்து வைத்திருக்கிறது என்று ஆகாது. அது இழந்துவிட்ட ஒரு வேறுபாட்டை இன்றைய ம்பியா பேச்சு காத்து வைத்திருப்பதை ஐந்தாம் படியில் பார்க்கப் போகிறோம். மேலும், துறவிகள் போர்த்துகீசிய, ஸ்பானியக் காதுகளால் கேட்டு எழுதியவர்கள். தங்கள் மொழியில் இல்லாத தொண்டையடைப்பு ஒலியை அவர்கள் பெரும்பாலும் குறிக்காமல் விட்டார்கள். எனவே பழைய ஏட்டின் ஒவ்வொரு சொல்லையும், அந்த ஒலியை ஒழுங்காகப் பதிந்த இன்றைய மொழி ஒன்றுடன் உரசிப் பார்க்க வேண்டும். இக்குடும்பத்தைச் சேர்ந்த கமயுரா மொழிக்கு லூசி செக்கி 2000இல் வெளியிட்ட இலக்கணம் போன்ற விரிவான ஆக்கங்கள் இதற்கு உதவும்.

மூன்றாம் படி: சொல்லை வேராகப் பிரித்தல்

சொற்பட்டியலை அப்படியே வரிசைப்படுத்தி ஒப்பிடுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. இம்மொழிகளில் உறுப்பு, உறவுமுறை, வீடு போன்ற பல பெயர்ச்சொற்கள் உடைமையாளருக்கு ஏற்பத் தம் முதல் ஒலியை மாற்றிக்கொள்ளும். குவரானியில் பொதுவாகக் கண் என்றால் தெஸா, 'என் கண்' என்றால் சே ரெஸா, 'அவன் கண்' என்றால் ஹெஸா. துப்பினம்பாவில் இதே வரிசை தெஸா, ஷே ரெஸா, ஸெஸா. ஆகவே வேர் 'எஸா' மட்டுமே. முன்னால் வரும் த, ர, ஹ (அல்லது ஸ) மூன்றும் தனி முன்னொட்டுகள். ஒரு மொழியின் பட்டியலில் 'தெ' என்றும் இன்னொன்றில் 'ஹெ' என்றும் இருப்பதைக் கண்டு த-வும் ஹ-வும் ஒலி இணை (உறவு மொழிகளில் ஒன்றுக்கொன்று ஒழுங்காக ஈடாக நிற்கும் ஒலிகள்) என்று எழுதிவிட்டால், அந்தத் தவறு பின்வரும் எல்லாப் படிகளிலும் தொடரும்.

இந்த மும்மை மாற்றத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஒலி ஒற்றுமை தற்செயலாக அமையலாம், சொற்கள் கடனாக வரலாம். ஆனால் இவ்வளவு விந்தையான ஒரு மாற்று வரிசை இரு மொழிகளிலும் ஒரே சொற்களில் ஒரே வகையில் அமைவது தற்செயலாக நடப்பதில்லை. குடும்ப உறவுக்கு இதைவிட வலுவான ஒற்றைச் சான்றை நான் காட்ட மாட்டேன். வினைமுற்று முன்னொட்டுகள் (நான் என்பதற்கு அ-, அவன் என்பதற்கு ஒ-), நாம் என்பதற்கு ஒரு சொல்லும் நாங்கள் என்பதற்கு வேறு சொல்லும் இருப்பது ஆகியவை அதற்கு அடுத்தபடியான சான்றுகள்.

நான்காம் படி: கடன்சொற்களை விலக்குதல்

அன்னாசி என்ற நம் சொல் போர்த்துகீசியர் வழியே வந்த துப்பி-குவரானிச் சொல். 'நனா' என்பதே அதன் வேர். பழங்களின் பெயர்களை மட்டும் வைத்து வகைப்படுத்தினால் தமிழும் அமேசான் மொழிகளுக்குச் சுற்றத்தாராகிவிடும். பயிர், வணிகப் பொருள், விலங்குப் பெயர்கள் எளிதில் பயணம் செய்பவை என்பதால், உறுப்புப் பெயர்கள், உறவுமுறைகள், 'போ', 'பார்' போன்ற அடிப்படை வினைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இக்குடும்பத்தில் உள்நாட்டுக் கடன் இன்னும் பெரிய தொல்லை. துப்பினம்பாவிலிருந்து வளர்ந்த நெஎங்காத்து குடியேற்றக் காலத்தில் அமேசான் முழுவதும் பொதுமொழியாகப் பரவியது. (இன்றும் ரியோ நெக்ரோ பகுதியில் பேசப்படுகிறது; சாவ் கப்ரியேல் த கஷோயிரா நகராட்சி 2002இல் துக்கானோ, பனிவா மொழிகளுடன் இதற்கும் ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது.) உறவு மொழியிலிருந்து வந்த கடனைத் தோற்றத்தால் பிரித்தறிய முடியாது, ஒலி விதியால்தான் முடியும். தெம்பேயில் ஹ வர வேண்டிய இடத்தில் ஸ வருமானால் அச்சொல்லை ஐயப்பட்டியலில் வைக்க வேண்டும். ஆனால் ஒலி விதி அடுத்த படியில்தான் கிடைக்கும் என்பதால், இந்தப் படிக்கு நீங்கள் மீண்டும் மீண்டும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: ஒலி இணைகளும் மூல ஒலியும்

இதுவே முறையின் உயிர்நிலை. எனவே விரிவாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் பார்த்த 'அவனுடைய கண்' என்ற சொல்லைக் கீழே அடுக்குவோம்.

துப்பினம்பா: ஸெஸா
பராகுவே குவரானி: ஹெஸா
ம்பியா குவரானி: ஹெச்சா
தெம்பே: ஹெஹா

துப்பினம்பாவில் இரண்டு இடத்திலும் ஸ, தெம்பேயில் இரண்டு இடத்திலும் ஹ. இரு குவரானி மொழிகளிலோ முதலிடத்தில் ஓர் ஒலியும் நடுவில் வேறோர் ஒலியும் இருக்கின்றன. ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு ஒலி இணைகள் உள்ளன: ஒன்று ஸ : ஹ : ஹ : ஹ, மற்றொன்று ஸ : ஸ : ச்ச : ஹ.

இங்கே ஒரு வினா எழ வேண்டும். மூலமொழியில் ஒரே ஒலி இருந்து, அது சொல்லின் முதலில் ஒரு வகையாகவும் நடுவில் வேறு வகையாகவும் குவரானியில் பிரிந்திருக்கலாம் அல்லவா? இதைச் சோதிக்க, இரண்டு ஒலிகளும் ஒரே சூழலில் வரும் சொற்களைத் தேட வேண்டும். துப்பினம்பாவில் 'போ' என்ற வினையின் வேர் ஸோ. விலங்கைக் குறிக்கும் சொல் ஸொ'ஒ. இரண்டிலும் ஸ வேரின் முதலில், ஒகர வகை உயிருக்கு முன்னால் நிற்கிறது. பராகுவே குவரானியில் 'அவன் போகிறான்' என்பது ஒஹோ. இறைச்சி என்பது ஸொ'ஒ. ம்பியாவில் இறைச்சி ச்சொ'ஒ. 'போ' வினையில் ஹ-வும் தேய்ந்து, 'அவன் போகிறான்' என்பது ஒஓ என நிற்கிறது. சூழல் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருப்பதால், பிரிவுக்குச் சூழல் காரணமில்லை. மூலமொழியிலேயே இரண்டு வேறு ஒலிகள் இருந்தன. துப்பினம்பா அவ்விரண்டையும் ஸ என்றும், தெம்பே ஹ என்றும் ஒன்றாக்கிவிட்டன. கலந்த பாலையும் நீரையும் எந்த மொழியும் தானாகப் பிரித்துக்கொள்ளாது என்பதால், துப்பினம்பாவிலிருந்து குவரானி வந்தது என்ற எண்ணத்துக்கு இத்துடன் இடமில்லாமல் போகிறது.

இனி அவ்விரு ஒலிகளுக்கும் ஒரு மதிப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் இணைக்கு ம்பியாவில் இன்றும் கேட்கும் *ச்ச-வையே கொடுக்கலாம். தாய் என்ற சொல்லும் இதே இணையைப் பின்பற்றுகிறது: துப்பினம்பாவிலும் பராகுவேயிலும் ஸு, ம்பியாவில் ச்சு. முதல் இணைக்கு வழங்கப்படும் மதிப்பு *ட்ஸ. ஏன் *ஹ இல்லை? உலக மொழிகளில் ட்ஸ தேய்ந்து ஸ ஆவதும், ஸ தேய்ந்து ஹ ஆவதும், ஹ மறைவதும் அடிக்கடி நடப்பவை. ஹ வலுப்பெற்று ஸ ஆவது அரிது. இத்தேய்வின் கடைசிக் கட்டத்தையும் குடும்பத்துக்குள்ளேயே காணலாம்: வயாம்பி மொழியில் கண்ணின் வேர் நடுமெய்யே இல்லாமல் எஆ என்று நிற்கிறது. ஆக மூல வடிவம்: 'அவனுடைய கண்' *ட்ஸெச்சா, 'போ' *ட்ஸோ, இறைச்சியும் விலங்கும் *ச்சொ'ஒ.

ஆறாம் படி: மாற்றங்களை வரிசைப்படுத்துதல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. ம்பியாவில் 'கண்' என்பதன் வேரும் எச்சா, 'பார்' என்பதன் வேரும் எச்சா. கண்ணிலிருந்து பார்வை பிறந்தது என்று சொற்பிறப்பு எழுதக் கை துறுதுறுக்கும். பொறுத்து, அண்டை மொழிகளைக் கேட்க வேண்டும். பராகுவே குவரானியில் கண் எஸா, பார் எச்சா. துப்பினம்பாவில் கண் எஸா, பார் எப்யாக். கமயுராவில் பார் எட்ஸாக். 'பார்' என்ற வினையின் மூலம் *எப்யாக். அதன் ப்ய என்ற சேர்க்கை குவரானியில் ச்ச வகை ஒலியாகி, ஈற்றுக் க்-உம் விழுந்தது. ம்பியாவில் கண்ணும் பார்வையும் ஒலியில் சந்தித்தது தற்செயல்.

இதிலிருந்து கால வரிசையும் கிடைக்கிறது. பராகுவே குவரானியில் *ச்ச ஸ ஆனது. *ப்ய ச்ச ஆனது. இரண்டாவது மாற்றம் முன்னால் நடந்திருந்தால், 'பார்' வினையில் புதிதாகப் பிறந்த ச்ச-வும் முதல் மாற்றத்தில் அகப்பட்டு எஸா ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை. எனவே பழைய *ச்ச ஸ-வாக விலகிச் சென்ற பிறகே, அல்லது குறைந்தது அவ்விரு ஒலிகளும் ஒன்றாகாத ஒரு கட்டத்திலேயே, அந்த இடத்தைப் புதிய ச்ச நிரப்பியது. ம்பியாவில் பழையது இடம்பெயரவே இல்லை. புதியது வந்து அதனுடன் கலந்தது.

ஈற்றுமெய் இழப்பிலும் இத்தகைய தடயம் உண்டு. துப்பினம்பாவில் தலை அக்காங்க, குவரானியில் மூக்கொலியுடன் முடியும் அக்கா. துப்பினம்பாவில் ஜாகுவார் விலங்கு யகுவார, குவரானியில் ஜகுவா. இன்று அச்சொல் நாயைக் குறிக்கிறது. குவரானி ஈற்றுமெய்களை இழந்த மொழி என்று எழுதிவிட்டுப் போகும்போது சில சொற்கள் இடறுகின்றன: வீடு ஓக, தந்தை தூவ. குவரானிச் சொற்களில் அழுத்தம் வழக்கமாக ஈற்றசையில் விழும். இவற்றிலோ ஈற்றுக்கு முந்திய அசையில் விழுகிறது. துப்பினம்பாவின் ஓக்க, தூப என்ற வடிவங்களைப் பக்கத்தில் வைத்தால் விடை தெரியும். வேர் *ஒக், *உவ். கடைசி அகரம் பெயர்ச்சொல்லோடு சேர்ந்த பழைய வேற்றுமை ஒட்டு. அழுத்தம் ஒருபோதும் அந்த ஒட்டின்மேல் விழுந்ததில்லை. ஒட்டு ஒட்டியிருந்த இடத்தில் வேரின் மெய் பாதுகாப்பாக நின்றது. 'என் தந்தை' என்பதற்கான சே ரு போன்ற ஒட்டில்லாத வடிவத்தில் மெய் விழுந்தது. இலக்கணமாக உயிரோடு இல்லாத ஓர் உருபு, ஓர் அழுத்தக் குறியில் எஞ்சியிருக்கிறது.

ஏழாம் படி: கிளைகளைப் பிரித்தல்

ஆரியோன் ரொட்ரிகெஸ் (1925–2014) இத்துறையின் தலைமகன். 1958இல் அவர் வெளியிட்ட முதல் வகைப்பாடு பொதுச்சொற்களின் விழுக்காட்டை நம்பியது. 1971இல் மிரியம் லெம்லே ஒலிமாற்றங்களை வைத்து ஓர் உள்வகைப்பாட்டை முன்வைத்தார். ரொட்ரிகெஸ் 1984–85இல் ஒலிமாற்றங்களை அளவுகோலாகக் கொண்டு குடும்பத்தை எட்டுத் தொகுதிகளாகப் பிரித்தார்: குவரானி வகை மொழிகள் முதல் தொகுதி, பொலிவியாவின் குவராயு, சிரியோனோ இரண்டாவது, துப்பினம்பாவும் அதன் வழிவந்தவையும் மூன்றாவது, தெம்பே, தப்பிராப்பே முதலியவை நான்காவது, கமயுரா தனியாக ஏழாவது, வயாம்பி எட்டாவதில். 2002இல் அனா சுவெலி கப்ராலுடன் சேர்ந்து அவர் இதைத் திருத்தியமைத்தார். அந்த எட்டு எண்களே இன்றும் ஆய்வுகளில் முகவரிபோல் வழங்குகின்றன.

இருந்தாலும் இந்த அளவுகோல்களை அப்படியே மரமாக வரையக் கூடாது. அவற்றில் சில புதுமைகள், சில வெறும் எச்சங்கள். ஈற்றுமெய்களைக் காத்தது துப்பினம்பாவுக்கும் கமயுராவுக்கும் பொது. ஆனால் பாட்டன் வீட்டுப் பாத்திரத்தை இரு பேரர்களும் வைத்திருப்பதால் மட்டும் அவ்விருவரும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். பொதுவாகச் செய்த மாற்றம் ஒன்றே கிளையை நிறுவும். அதுவும் எளிதில் தானாக நிகழக்கூடிய மாற்றமாக இருக்கக் கூடாது. ஈற்றுமெய் இழப்பு உலகெங்கும் நடப்பது. அதை மட்டும் நம்பி முதலிரண்டு தொகுதிகளை இணைக்க நான் தயங்குவேன்.

ஐந்தாம் படியில் கண்ட *ச்ச, *ட்ஸ இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்ரிகெஸின் அளவுகோல்களின்படி இந்த வேறுபாட்டைக் காத்தது குவரானித் தொகுதி மட்டுமே. மற்ற ஏழிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன, சிலவற்றில் ஸ வகையாக, சிலவற்றில் ஹ-வாகவோ முழு மறைவாகவோ. ஒரே ஒரு தடவை நடந்த இணைப்பு என்று கொண்டால், குவரானி ஒருபுறம், மற்றவை எல்லாம் மறுபுறம் என்ற எளிய மரம் கிடைக்கும். ஆனால் நெருக்கமான இரு ஒலிகள் ஒன்றாவதும் பல இடங்களில் தனித்தனியே நடக்கக்கூடியதுதான். லெவ் மைக்கேல் முதலியோர் 2015இலும், ஃபெர்ராஸ் ஜெரார்தி, ரைஷர்ட் இருவரும் 2021இலும் சொற்றரவுகளைக் கணினிவழிப் புள்ளியியல் முறைகளுக்கு உட்படுத்தி வெளியிட்ட மரங்களில் குவரானி அப்படித் தனித்து வெளியே நிற்பதில்லை. ஒலியும் சொல்லும் இப்படி முரண்படும்போது, மூன்றாவது சாட்சியாக இலக்கண உருபுகளின் புதுமைகளைத் தேட வேண்டும். அதுவரை அந்த முடிச்சை மரத்தில் பல விரல்களாக விரித்து வைப்பதே நேர்மை. பராகுவே குவரானியும் துப்பினம்பாவும் கண்ணை ஒரே மாதிரி எஸா என்பதைக் காட்டி இரண்டையும் ஒட்டவைப்பது மட்டும் எந்நிலையிலும் தவறு. உடன்பிறந்த ம்பியாவில் ச்ச இன்னும் ஒலிப்பதால், பராகுவேயின் ஸ அந்தக் கிளை பிரிந்த பிறகு வந்தது.

எட்டாம் படி: அடங்காத மொழியும் வெளிச் சாட்சியும்

பெருவிலும் பிரேசிலிலும் பேசப்படும் கொக்காமா மொழியின் அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி துப்பி-குவரானி. ஆனால் வினையோடு சேரும் பழைய முன்னொட்டுகள் அதில் இல்லை. கண் என்ற சொல்லில் பார்த்த மும்மை மாற்றமும் செயல்படுவதில்லை. 'நான்' என்பதை ஆண்கள் ஒரு சொல்லாலும் பெண்கள் வேறு சொல்லாலும் சொல்கிறார்கள். ரொட்ரிகெஸ் இதைத் துப்பினம்பாவின் தொகுதியில் வைத்தார். கப்ரால் 1995இல் தம் முனைவர் ஆய்வில், இது வேறு மொழியினர் துப்பினம்பா வகை மொழி ஒன்றைக் குறைவாகக் கற்றுத் தமதாக்கியதால் உருவானது, ஆகவே வழக்கமான மரபுவழி வகைப்பாட்டுக்குள் அடங்காது என்று வாதிட்டார். சொற்பட்டியல் அடிப்படையிலான கணினி மரங்கள் அதைத் துப்பினம்பாவின் அருகில் வைப்பதில் வியப்பில்லை. அவை சொற்களை மட்டுமே பார்க்கின்றன. சொல்லும் இலக்கணமும் ஒன்றையொன்று மறுக்கும் மொழியைப் பட்டியலில் வைக்கும்போது, எந்தச் சான்றின்படி வைத்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

இறுதியாக, முதற்படியில் ஒதுக்கி வைத்த வெளிமொழிகளை அழைக்கலாம். மவே மொழிக்கும் துப்பி-குவரானிக்கும் உள்ள உறவை ரொட்ரிகெசும் வொல்ஃப் தீத்ரிக்கும் 1997இல் ஆராய்ந்தார்கள். செர்ஜியோ மெய்ராவும் செபாஸ்தியான் த்ருதேவும் 2015இல் மவே, அவெத்தி, துப்பி-குவரானி மூன்றுக்கும் பொதுவான மூலத்தின் ஒலிகளை மீட்டுருவாக்கினார்கள். நீங்கள் கணித்த *ச்ச, *ட்ஸ வேறுபாட்டுக்கு உண்மையான தேர்வு இந்த மேல்தளத்தில்தான் நடக்கிறது: குவரானி மட்டும் காட்டும் ஒரு வேறுபாடு வெளியேயும் இரண்டு தனி இணைகளாகப் பிரிந்தால் அது மூலமொழிக்குரியது, பிரியாவிட்டால், குவரானிக்குள் நீங்கள் கவனிக்கத் தவறிய சூழல் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று ஐந்தாம் படிக்குத் திரும்பிச் சென்று தேட வேண்டும்.

தாயகம் பற்றிய கேள்வியும் இந்தத் தளத்துக்கே உரியது. துப்பித் தொகுதியின் பத்துக் கிளைகளில் அரிக்கேம், துப்பாரி, மொந்தே, ரமராமா, புருபொரா ஆகிய ஐந்தும் பிரேசிலின் ரொந்தோனியா பகுதியில் நெருங்கி அமைந்துள்ளன. பிரிவுகள் எங்கு அடர்த்தியோ அங்கேதான் பழமை என்ற கொள்கையின்படி, மூலத் துப்பி அப்பகுதியில் பேசப்பட்டதாகக் கொள்கிறார்கள். கரீப், மக்ரோ-ஜே என்ற வேறு இரு தென்னமெரிக்க மொழிக்குடும்பங்களுடன் துப்பியை இணைக்கும் கருதுகோளையும் ரொட்ரிகெஸ் முன்வைத்தார். ஜோசப் கிரீன்பெர்க் 1987இல் அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பாலான மொழிகளையும் ஒரே குடும்பமாக்கியதைப் போன்றதல்ல அது. கிரீன்பெர்க் பல மொழிகளின் சொற்களை ஒரே பார்வையில் ஒப்பிட்டார். வல்லுநர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ரொட்ரிகெஸ் தம் கருதுகோளை ஒலி இணைகளாக அடுக்கிக் காட்டினார். அதனால் ஒவ்வோர் இணையையும் தனித்தனியே எடுத்துச் சோதிக்க முடிகிறது.